அந்தப் படத்தைத் திருப்பித் தருவார்களா?

டித்வா புயல் கடந்து சில வாரங்களின் பின்னர் கொத்மலைப் பக்கம் இடைத்தங்கல் முகாமாக இருந்த ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். மண்டபத்தின் ஒரு மூலையில் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு ஆளுக்கொரு தாளும் ஒரு பெட்டி பெஸ்டலும் கொடுத்திருந்தது.

ஒன்பது வயதிருக்கும் ஒரு பிள்ளை லயன் ஒன்றை வரைந்திருந்தாள். ஆறு கதவுகள். நான்காவது கதவுக்கு மட்டும் நீல நிறம். வாசலில் ஒரு வாளி, ஒரு கோழி. குழுவிலிருந்த இளைஞர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "மண்சரிவு எங்க தங்கச்சி? அதை வரையலையா?" என்று கேட்டார். பிள்ளை அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மண்ணிறப் பெஸ்டலை எடுத்து லயனின் மேல் பூசத் தொடங்கினாள். நீலக் கதவு கடைசியாக மறைந்தது.

படங்களையெல்லாம் போட்டோ எடுத்தார்கள். பிறகு ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு வாகனத்தில் ஏறினார்கள். வாகனம் போன பின்னர் அந்தப் பிள்ளையின் தாய் என்னிடம் வந்தார். "மிஸ், அந்தப் படத்தத் திருப்பிக் குடுப்பாங்களா? எங்க வீட்டு போட்டோ ஒண்ணுகூட மிஞ்சல."

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் குழுவை வில்லனாக்க நான் இதை எழுதவில்லை. நல்ல மனதோடு வந்தவர்கள்தான். ஆனால் நொந்துபோன ஒரு பிள்ளையின் கையில் வர்ணத்தைக் கொடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம், அதிலிருந்து பிறப்பது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை மலையகத்தில் இப்போதே கேட்டாக வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த அந்தப் புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களை மண்சரிவு சிதைத்தது. முகாம்கள் மூடப்படும், நிவாரணக் குழுக்களும் போய்விடும். பிள்ளைகள் மட்டும் கிளினிக்குகளிலும் வைத்தியசாலைக் கட்டில்களிலும் இன்னும் பல ஆண்டுகள் இருப்பார்கள்.

வலியைச் சொல்ல ஒரு மொழி

எனக்கும் ஒரு வார்ட் ஞாபகம் உண்டு. ஏழு வயதில், நான் பிறந்த தோட்டத்திலிருந்து வெகுதூரத்தில் இருந்த ஒரு அரச வைத்தியசாலையில் பதினொரு நாட்கள் கிடந்தேன். தாதி அன்பானவர்தான். "கொஹெத ரிதென்னே?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார் என்பதே எனக்கு மூன்றாம் நாள்தான் விளங்கியது. பக்கத்துக் கட்டில் அக்கா பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் ஒரு உடம்பை வரைந்து, வலிக்கிற இடத்தில் புள்ளி வைக்கச் சொன்னார். அந்தத் தாளைத் தாதியிடம் காட்டினேன். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் கதைக்க ஒரு வழி கிடைத்தது.

தமிழையும் அரசகரும மொழியாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தது 1987இல். மலையகத்தின் வைத்தியசாலைக் கட்டில்களில் அந்தச் சட்டம் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதைத் தோட்டத்துத் தாய் எவரிடம் கேட்டாலும் சொல்வார்.

மொழி மட்டுமல்ல பிரச்சினை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் வளர்கிறார்கள். பெருந்தோட்டத் துறையில் அது சுமார் 32 வீதம். தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னமும் இழுபடுகிறது. ஆகவே நோய் கொஞ்சம் கடுமையானால் கொத்மலைப் பிள்ளை நாவலப்பிட்டிக்கோ கம்பளைக்கோ நுவரெலியாவுக்கோ, அதற்கும் மேலே பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ போக வேண்டும். புற்றுநோய் என்றால் மஹரகம வரை போக வேண்டியிருக்கும். கூட நிற்கும் தாய்க்கு அன்றைய பெயர் விழாது, சம்பளம் போய்விடும். அதனால் பல பிள்ளைகளின் பகல்பொழுது தனிமையில்தான் கழிகிறது. வலியோடு சலிப்பும் பயமும் சேர்ந்துகொள்கின்றன.

கட்டிலுக்கு வந்த நூதனசாலை

ஓவியத்தை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுபோவது புதிய யோசனை அல்ல. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938இல் காசநோய்ச் சுகநிலையமொன்றில் கிடந்தபோது பொழுதுபோக்காக வரையத் தொடங்கினார். அது தனக்கு உதவுவதைக் கண்டு மற்ற நோயாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 'ஓவியச் சிகிச்சை' என்ற சொல் 1942இல் அவரிடமிருந்துதான் வந்தது.

நூதனசாலைகளும் பின்னர் இந்த வழியில் வந்தன. பாரிஸின் லூவர் நூதனசாலை நகரின் பொது வைத்தியசாலைகளுக்குத் தன் படைப்புகளின் பிரதிகளையும் பயிற்சிப் பட்டறைகளையும் கொண்டுபோயிருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூதனசாலைகள், நோயாளிகள் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருட்களைக் கட்டிலருகே எடுத்துச் சென்று, அதனால் அவர்களின் மனநிலையில் ஏற்படும் மாற்றத்தை ஆராய்ந்தன. மும்பையில் முன்னர் வேல்ஸ் இளவரசர் நூதனசாலை என்று அழைக்கப்பட்ட நிறுவனம் 2015 முதல் ஒரு பஸ்ஸையே நடமாடும் நூதனசாலையாக்கியது. கலைகளுக்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தொகுத்து வெளியிட்டது. வலி, பதற்றம், சிகிச்சையைத் தாங்கும் மனநிலை ஆகியவற்றில் கலை உதவுகிறது என்பது அந்தத் தொகுப்பின் சாரம்.

ஆனால் நூதனசாலைக்கு என்று ஒரு தனிக் குணம் உண்டு. அது பொருட்களைப் பத்திரமாக வைத்திருக்கும். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கும். செக் நாட்டின் தெரெசீன் நாசி முகாமில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை யூதப் பிள்ளைகளுக்கு இரகசியமாக வகுப்பெடுத்தார். ஒவ்வொரு பிள்ளையும் படத்தில் தன் சொந்தப் பெயரை எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். முகாமில் அவர்கள் வெறும் இலக்கங்களாகியிருந்தார்கள். 1944இல் அவர் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். போகுமுன் ஒளித்து வைத்த படங்கள் இரண்டு சூட்கேஸ்களில் தப்பின. சுமார் 4,500 படங்கள் இன்று பிராக் யூத நூதனசாலையில் இருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் திரும்பி வரவில்லை. பெயர்கள் இருக்கின்றன.

மட்டக்களப்பு கற்றுத் தந்தது

இதற்கெல்லாம் வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. கனடாவின் டொரொன்டோவில் உடற்குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான ஒரு புனர்வாழ்வு வைத்தியசாலையின் வளவில் 1980களில் ஒரு கலைத் தோட்டம் உருவானது. நோயுற்ற பிள்ளைகளும் அயலிலுள்ள பிள்ளைகளும் சேர்ந்து மண் பிசைந்து, வர்ணம் தீட்டி, கதை கட்டினார்கள். அதில் வேலை செய்த ஓவியர் போல் ஹோகனும், மட்டக்களப்பின் இயேசுசபைத் துறவியும் உளவளத்துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் வேறு பலரோடு சேர்ந்து 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். கனடா வைத்தியசாலையின் வளவில் முளைத்த யோசனை எங்கள் போருக்குள் வந்து வேரூன்றியது.

அப்போது கிழக்கில் போர் உச்சத்தில் இருந்தது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் ஒன்றாக வந்தார்கள். ஒரு நாளோடு முடியும் வேலையல்ல அது. வாரந்தோறும், மாதக் கணக்கில் வந்தார்கள். செல் விழுந்ததை வரை என்று யாரும் கேட்கவில்லை. களிமண்ணா, வர்ணமா, நாடகமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்தது.

இந்தப் பத்தியை வாசிக்கும் பலர் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள். வாசகர்களில் இன்னொரு பகுதியினரின் பெற்றோர் 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறி, அங்கேயும் போரில் இடம்பெயர்ந்தவர்கள். 'மனவடு' என்ற சொல் எங்களுக்கு அகராதியிலிருந்து வரவில்லை. பிள்ளைகள் வரைந்த ஹெலிகொப்டர்களும் எரியும் வீடுகளும் எத்தனை அறிக்கைகளின் அட்டையில் வந்தன என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தப் படங்களில் எத்தனை, வரைந்த பிள்ளையின் வீட்டுக்குத் திரும்பி வந்தன?

ஒரு லயனில் இருக்கும் நூதனசாலை

கொத்மலையிலிருந்து அதிக தூரமில்லை. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில், பழைய லயன் ஒன்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அதை அமைத்தது. தொழிலாளர் பாவித்த கருவிகள், வீட்டுச் சாமான்கள், ஆவணங்கள் அங்கே சேகரிக்கப்பட்டிருக்கின்றன. ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலை இயந்திரங்களின் கதையைச் சொல்கிறது என்றால், இது அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து கொடுத்த கைகளின் கதையைச் சொல்கிறது.

இந்த நூதனசாலை ஏன் வைத்தியசாலைக்குப் போகக் கூடாது? அங்கே செலவுள்ள காட்சிப்பெட்டிகள் தேவையில்லை. ஒரு கொழுந்துக்கூடையின் சிறிய பிரதி, ஒரு பழைய கூப்பன் புத்தகத்தின் நகல், தாள், வர்ணம், தமிழும் சிங்களமும் தெரிந்த இரண்டு பேர் போதும். கூடையைக் கையில் எடுத்ததும் பிள்ளை தன் அம்மாவைப் பற்றிக் கதைக்கும். பக்கத்துக் கட்டில் சிங்களப் பிள்ளையும் கேட்கும். தாதியும் கேட்பார்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் கொத்மலை எங்களுக்கு ஒரு பாடமாகவே இருந்தது. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, பத்தாண்டு கழித்து யுனெஸ்கோவின் உதவியோடு இணையத்தையும் தன் நிகழ்ச்சிக்குள் கொண்டுவந்தது. கணினியைக் கண்டிராத கிராமத்தவர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, வானொலியில் விளக்குவார். வர முடியாதவரிடம் நாம் போக வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிய விடயம் அல்ல.

ஆனால் சில நிபந்தனைகள் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. முதலாவது, என்ன வரைவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். மண்சரிவை வரைய விரும்பும் பிள்ளை வரையட்டும். கோழியை வரையும் பிள்ளையிடம் மண்சரிவைக் கேட்க வேண்டாம். இரண்டாவது, படம் பிள்ளைக்குச் சொந்தம். நூதனசாலை வைத்திருக்க விரும்பினால் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டு, நகலை வைத்துக்கொண்டு மூலத்தைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, தாளில் பெயர் இருக்க வேண்டும். முகநூலில் பெயரோ முகமோ வரக் கூடாது. தெரெசீன் ஆசிரியை பெயரெழுதச் சொன்னது அந்தப் பிள்ளைகளுக்காக. நன்கொடையாளருக்காக அல்ல. நான்காவது, வந்தவர்கள் திரும்பவும் வர வேண்டும். ஒரே ஒரு நாள் வந்து போவது, ஏற்கனவே நிறையப் பேரை இழந்த பிள்ளைக்கு இன்னொரு இழப்பு. ஐந்தாவது, படத்தைப் பார்த்து நோய் சொல்லும் வேலை பயிற்சி பெற்ற உளவள வைத்தியருடையது. கறுப்பு வர்ணம் பாவித்தாள் என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்தக் கூடாது. வைத்தியசாலையின் தொற்றுத்தடுப்பு விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும்; கையில் சேலைன் ஏறும் பிள்ளைக்கு எந்தப் பொருளைக் கொடுக்கலாம் என்பதைத் தாதிதான் சொல்ல வேண்டும்.

காணிக்குப் பதில் வர்ணப்பெட்டி அல்ல

இதற்கு எதிரான வாதம் எனக்குக் கேட்கிறது. தலைக்கு மேல் கூரையில்லாத சனத்துக்குச் சித்திரப் பட்டறையா? நியாயமான கேள்வி. மண்சரிவு அபாயப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட லயன்களுக்கே மக்கள் திரும்பிப் போகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதது. வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்த சமூகம் இது. கொத்மலைக்கு இடப்பெயர்வும் புதிதல்ல. நீர்த்தேக்கத்துக்காக 1980களில் கிராமங்களும் தேயிலை நிலங்களும் நீருக்குள் போயின. காணி, வீடு, சம்பளம் என்ற கோரிக்கைகளை ஒரு வர்ணப்பெட்டி கொடுத்து மறக்கடிக்க எவராவது முயன்றால், நானும் எதிர்த்துத்தான் எழுதுவேன்.

ஆனால் வீடு கிடைக்கும்வரை பிள்ளையின் மனது காத்திருக்காது. அது இப்போதே வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

அன்று முகாமில் நான் எடுத்த போட்டோக்களில் ஒன்றின் ஓரத்தில், மண்ணிறம் பூசுவதற்கு முந்தைய அந்தப் படம் கொஞ்சம் மங்கலாக விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கி ஒரு ஸ்டூடியோவில் அச்சடித்து, சில வாரங்களின் பின் அவர்கள் தங்கியிருந்த உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தாய் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "கதவு நீலம்தான். போன தீபாவளிக்கு அவங்க அப்பா அடிச்சது" என்றார்.

பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது போட்டோ மிஸ். நான் வரைஞ்சது எங்க?"