புத்தாண்டு உறுதியும் புள்ளிக் கணக்கும்

தை பிறக்கிறது. பொங்கல் நாளில் இல்லந்தோறும் ஏதேனும் ஓர் உறுதி எழுவது இயல்பு. இவ்வாண்டு கடனை அடைப்போம், மகளின் திருமணத்திற்குச் சேமிப்போம், நிலத்தைச் சீர்செய்வோம் என்றெல்லாம் எண்ணுகிறோம். மாசி பிறப்பதற்குள் அவ்வுறுதிகளுள் பெரும்பாலானவை மறைந்துபோகின்றன. மக்களுக்கு மனவுறுதி போதாது என்று இதற்குக் காரணம் கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. விடியுமுன் தறியில் அமரும் நெசவாளிக்கும், வானத்தை நம்பி விதைக்கும் உழவருக்கும் மனவுறுதி குறைவு என்று எவர் சொல்லத் துணிவார்? குறை, உறுதியை அமைக்கும் முறையிலேயே இருக்கிறது.

‘நல்ல சேலை நெய்வேன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு எந்த நெசவாளியும் தறியில் அமர்வதில்லை. நூல் இன்ன நம்பர், இழை இத்தனை, பாவின் நீளம் இவ்வளவு, அதில் சேலை இத்தனை என்று முன்னரே வரையறுத்துக்கொள்ளுகிறார். உழவரும் ஏக்கருக்கு விதை எவ்வளவு, எரு எவ்வளவு என்று கணக்கிட்ட பின்னரே ஏர் பூட்டுகிறார். தொழிலில் இத்துணைக் கணக்குடைய நாம், சொந்த வாழ்வின் குறிக்கோளை மட்டும் கணக்கின்றி விட்டுவிடுவது ஏன்?

கடனையே எடுத்துக்கொள்வோம். ஓர் அங்கத்தினர் வெளியிடத்தில் 20,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்று கொள்வோம். மாத வட்டி 600 ரூபாய். அதனை மட்டும் செலுத்தி வந்தால், ஆண்டு முடிவில் 7,200 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும். கடனோ 20,000 ரூபாயாகவே நிற்கும். அவரே மாதம் 1,600 ரூபாய் தவறாது செலுத்தினால், பன்னிரண்டாம் மாத முடிவில் கடன் 6,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும். பதினாறாம் மாதத்தில் அடியோடு தீரும். கூடுதலாகத் தேவைப்படுவது மாதம் 1,000 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 ரூபாய். ‘கடனை அடைப்போம்’ என்பது ஆசை. ‘அடுத்த தைக்குள் கடனை 6,000 ரூபாய்க்குள் கொணர்வோம், அதற்கு நாளொன்றுக்கு 33 ரூபாய் ஒதுக்குவோம்’ என்பதே குறிக்கோள். பகுதி பகுதியாக அசலைப் பெற மறுக்கும் கடன்காரரும் உண்டு. அத்தகையோரிடம் சிக்கியவர்கள், குறைந்த வட்டியில் சங்கக் கடன் கிடைக்குமாயின் அதனைப் பெற்று வெளிக்கடனைத் தீர்த்துவிட்டுச் சங்கத்திற்குத் தவணை செலுத்துவதே மேல்.

அடுத்து, பருவத்தை மறந்து வகுக்கும் திட்டம் நிலைக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியில் ஈரம் ஊறும், தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாது, கூலி சுருங்கும். அவ்விரு மாதங்களில் தவணை தவறுவது இயற்கை. தவறியதும் ‘இனி நம்மால் ஆகாது’ என்று முழு முயற்சியையும் கைவிடுவதே கேடு. தை முதல் புரட்டாசி வரை ஒன்பது மாதங்களும் தவணையோடு 360 ரூபாய் தனியே வைத்து வந்தால் 3,240 ரூபாய் சேரும். மழைக்கால இரு தவணைகளும் அதில் அடங்கிவிடும். மழை வரும் என்பது தை மாதத்திலேயே தெரிந்த செய்திதானே!

உழவர்களுக்கும் ஒன்று கூறுவோம். ‘இவ்வாண்டு அதிக விளைச்சல் காண்போம்’ என்பது பாதி வானத்தின் கையில் உள்ளது. நம் கையில் உள்ளதைக் குறிக்கோளாகக் கொள்வதே நலம். அறுவடை முடிந்து நிலம் காலியாகும்போது மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவது அத்தகையது. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், அரையடி ஆழத்திற்கு ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி, ஒன்றாய்க் கலந்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும். எந்த உரம் வேண்டும், எது வேண்டாம் என்பது விளங்கும். வேண்டாத உரத்திற்குச் செல்லும் பணம் மிஞ்சுவதும் வருமானமே அன்றோ?

சிறு தொகையை ஏளனம் செய்வோர்க்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தை நினைவூட்டுவோம். அங்கே நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் பங்கு சேர்த்து, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு கடையைத் திறந்தனர். அந்த ஒரு பவுனையும் அவர்கள் வாரத்திற்கு 2 பென்ஸும் 3 பென்ஸுமாகவே சேர்க்கத் தொடங்கினர். வீடுகள் கட்டுவோம், தொழில் நடத்துவோம், நிலம் வாங்குவோம் என்ற பெருநோக்கங்களையும் அன்றே எழுதி வைத்தனர். ஆயினும் முதல் நாள் அவர்கள் விற்றவை மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் போன்ற சிற்சில பண்டங்களே. கடனுக்கு விற்பதில்லை என்ற விதியையும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைய கூட்டுறவு இயக்கத்திற்கு அக்கடையே முன்மாதிரி.

அங்கத்தினர்க்கு அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. கூலி காலத்தில் கிடைத்தாலன்றித் தவணை காலத்தில் செல்லாது. விளைபொருளுக்குரிய பணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் சங்கம், ‘சிக்கனமாக இருங்கள்’ என்று உழவரிடம் கூறும் தகுதியை இழந்துவிடுகிறது. ஆதலால் நிர்வாகக் குழுவினரும் இத்தையில் ஓர் உறுதி கொள்ளவேண்டும்: இன்ன தேதியில் கூலி, சரக்கு வந்த இத்தனை நாளில் பட்டுவாடா என்று நாள் குறித்து, அதனைச் சங்கப் பலகையில் எழுதி வைக்கட்டும். தவறினால் பேரவையில் கேட்கும் உரிமை அங்கத்தினர்க்கு உண்டு. அவர்கள் கேட்கவும் வேண்டும்.

முடிவாக ஒன்று. பத்து உறுதிகள் வேண்டாம்; குடும்பத்திற்கு ஒன்று போதும். அதனைக் குடும்பத் தலைவர் மட்டும் முடிவு செய்யலாகாது. தார் சுற்றும் கையும் களையெடுக்கும் கையும் சேர்ந்து ஈட்டிய பணம் அது. எந்தச் செலவைக் குறைக்கலாம் என்பதை இல்லத்தரசியரே நன்கறிவர். இருவரும் அமர்ந்து தொகையையும் நாளையும் முடிவு செய்து, சங்கப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, மாதந்தோறும் செலுத்தியதையும் அங்கேயே குறித்து வருக. ஆடி மாதத்தில் அதனை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறோம். கணக்கு பின்தங்கியிருந்தால், அதைச் சரிசெய்ய அப்போதும் பாதி ஆண்டு மீதமிருக்கும்.