பழைய வேகனின் உண்மையான விலை



கடந்த மாதம் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் பெண்கள் கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில் ஒரு சகோதரி என்னைத் தனியே அழைத்தார். அவருடைய கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வந்திருக்கின்றன.

"மிஸ், அந்தக் காசுல பழைய வேகன் ஒன்னு வாங்கி ஹயர் ஓடலாம்னு அவரும் மகனும் சொல்றாங்க. பத்தாததுக்கு லீசிங் எடுக்கணுமாம். என்னைப் பிணைக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நீங்களும் பழைய வேகன்தானே வச்சிருக்கீங்க. வாங்கலாமா மிஸ்?"

அவருக்கு அன்று சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனெனில் இந்தக் கேள்வி இன்று பல லயங்களில் எழுகிறது.

நானும் என் கணவரும் 2018இல் ஒரு நிசான் ஏ.டி. வேகன் வாங்கினோம். 1990களில் செய்யப்பட்டது. தோட்டம் தோட்டமாகப் போகும் என் வேலைக்கு அது பெரும் உதவி. ஆனால் வாங்கும்போது நாங்கள் எண்ணியது விலையை மட்டுந்தான். அதை வைத்திருப்பதற்கு ஆகும் செலவை எண்ணவில்லை.

மறு வருடம் ஒருநாள் மடுல்சீமைப் பக்கமிருந்து ஒரு கர்ப்பிணித் தாயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு பசறைக்கு இறங்கினேன். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். பாதி வழியில் பிரேக் மிதி அப்படியே தரையோடு போய்விட்டது. கியரை இரண்டுக்கும் ஒன்றுக்கும் இறக்கி, கை பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்க மண்ணோடு உரசி நிறுத்தினேன். அந்தத் தாய் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. பின்னால் வந்த வான் ஒன்றில் அவரை ஏற்றி அனுப்பினோம். தாயும் பிள்ளையும் சுகம். எனக்குத்தான் ஒரு கிழமை தூக்கமில்லை.

கராஜ் பாஸ் காரணத்தை விளக்கினார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாவிட்டால் அதில் நீர் சேரும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேற, அந்த நீர் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றியிருந்தால் போதும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியரிலேயே வந்திருக்க வேண்டும். செலவு சிறிது, அறியாமை பெரிது.

அன்றிலிருந்து பழைய வண்டியின் வருத்தங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். நம் மலைநாட்டுப் பாதையில் முதலில் களைப்பது என்ஜினைக் குளிர்விக்கும் பகுதி. ரேடியேற்றரும் அதன் குழாய்களும் பழசானால் ஏற்றத்தில் சூட்டு முள் மேலே ஏறும். உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூட்டைக் கவனியாமல் ஓட்டினால் 'ஹெட் கெஸ்கட்' போய்விடும். அது பெரிய செலவு.

அடுத்தது கிளச். என்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளச் தேய்ந்திருக்கிறது. வளைவில் திருப்பும்போது முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. தோட்டத்துக் கற்பாதை இவற்றைச் சீக்கிரம் தின்றுவிடும். சில என்ஜின்களில் சங்கிலியும், பல டீசல் என்ஜின்களில் டைமிங் பெல்ட்டும் இருக்கும். பெல்ட்டைப் பொதுவாக ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் பல என்ஜின்கள் உள்ளே உடைந்துவிடும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்யப்பட்டது. பட்டை ஆழமாகத் தெரிந்தாலும் பழைய டயர் பழையதுதான்.

இனிக் கடதாசிச் செலவு. வருடாவருடம் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் வேண்டும். ஹயர் ஓடுவதாயின் அதைக் காப்புறுதிக்காரரிடம் சொல்லியே எடுக்க வேண்டும். சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு ஹயர் ஓடினால், விபத்து நேரும்போது நட்டஈடு மறுக்கப்படலாம்.

"பழசுதானே, மலிவாகக் கிடைக்கும்" என்பதும் சரியல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. எரிபொருளும் அப்படியே. 2022 ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபா ஆனது. அப்போது லீசிங் தவணையோடு ஹயர் ஓடிய குடும்பங்கள் பட்ட பாட்டை நான் நேரில் கண்டேன்.

ஆகவே அந்தச் சகோதரியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதத் தவணை 30,000 ரூபா என்று வைத்துக்கொண்டோம். 2024இல் 1,350 ரூபாவாக உயர்ந்த நாட்சம்பளத்தின்படி அது 22 நாள் கொழுந்துக்கும் மேல். அதன் பிறகுதான் பெற்றோல், டயர், கராஜ். "நாலு பேருக்கு ஒரு மாசம் சாப்பாடு மிஸ்" என்றார் அவர். நான் சொல்லாமலே கணக்கு அவருக்கு விளங்கிவிட்டது.

பிணைக் கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். லீசிங் முடியும்வரை வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் கம்பனிதான். தவணை தவறினால் வண்டியும் போகும், மிகுதிக் கடனைப் பிணையாளியிடமும் கேட்பார்கள். கையெழுத்துப் போடுபவருக்கு ஒப்பந்தத்தை வாசிக்கும் உரிமை உண்டு. தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். விளங்காத கடதாசியில் கையெழுத்து வேண்டாம், கேட்பவர் கணவராயினும் மகனாயினும்.

வேகன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வேகன் இன்றும் ஓடுகிறது. நள்ளிரவில் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி இருப்பதன் அருமை நமக்குத் தெரியும். வாங்குமுன் விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு பாஸிடம் காட்டுங்கள். ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பாருங்கள். பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல் முதல் வருடத் திருத்தத்துக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஒரு கொப்பியில் திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, கொடுத்த காசு ஆகியவற்றை எழுதிவாருங்கள். அந்தக் கொப்பி வீட்டுப் பெண்ணின் கையில் இருக்கட்டும்.

சென்ற கிழமை அந்தச் சகோதரி தொலைபேசியில் பேசினார். பார்த்து வைத்திருந்த வேகனைப் பாஸிடம் காட்டினார்களாம். ரேடியேற்றர் தண்ணீரில் எண்ணெய் மிதந்ததாம். வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். மகனுக்குக் கொஞ்சம் கோபந்தான். "பரவாயில்ல மிஸ், காசு பேங்க்ல இருக்கு. கொப்பி வாங்கிட்டேன். வண்டி மெதுவா வரட்டும்" என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.