ஜப்பானிய நாய் ஏன் 'லொள்' என்பதில்லை?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பல உள்ளன. அங்கு வேலை பெற விரும்பி, ஐயப்பன்தாங்கல் போன்ற ஊர்களில் ஜப்பானிய மொழி பயில்வோரும் உண்டு. விலங்கொலிச் சொற்களைச் சிறுபிள்ளைப் பாடம் என்று அவர்கள் ஒதுக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து.

நம் நாய் 'லொள் லொள்' என்று குரைக்கிறது. ஜப்பானிய நாயோ 'வன் வன்' என்கிறது. வேறுபடுவது நாயன்று, மொழியே! ஜப்பானியச் சொற்கள் உயிரொலியிலோ 'ன்' போன்ற மூக்கொலியிலோதான் முடியும். லகர, ளகர ஒலிகளும் அம்மொழியில் தனியே இல்லை. ஆகவே 'லொள்' என்று அவர்களால் எழுதவே இயலாது. காக்கை மட்டும் இரு மொழியிலும் 'கா கா' என்றே கரைகிறது. அவ்வொலி இரண்டுக்கும் பொதுவன்றோ!

இதை உணர்ந்தவருக்கு, 'கமலா' என்ற பெயர் ஜப்பானியர் வாயில் 'கமரா' ஆவதும் வியப்பளிக்காது.

ஜப்பானில் தவளை 'கெரோ கெரோ' என்று கத்தும். மாணவர்களே, அடுத்த மழையில் ஏரிக்கரைத் தவளையைக் கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழில் எழுதுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள். மனப்பாடம் செய்வதைவிட 'ஏன்?' என்று கேட்பதே அறிவியல்.