வெக்கைக்கு மார்க் போடுகிறவர்கள்

ஒரு நாவலைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘இதோட அரசியல் என்ன?’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கேள்வியில் தப்பில்லை. கேட்கிறவர் பதிலையும் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார் என்பதுதான் பிரச்சினை. வர்க்கம், சாதி, பாலினம் என மூன்று கட்டங்கள். மூன்றிலும் டிக் விழுந்தால் நல்ல நாவல். மென்பொருள் எழுதுகிற எங்களுக்கு இது பழகிய வேலை. டெஸ்ட் கேஸ் என்போம். ஆனால் இங்கே எதை வைத்து எதைச் சோதிப்பது என்பதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். கோட்பாடுதான் புரோகிராம். அதைச் சோதித்துப் பார்க்கிற டெஸ்ட் கேஸ்தான் நாவல்.

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. அண்ணனைக் கொன்றவனை ஒரு பதினைந்து வயதுப் பையன் வெட்டிவிட்டு, அய்யாவோடு கரிசல்காட்டில் ஒளிந்து திரிகிறான். யார் என்ன சாதி என்று நாவல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. 2019இல் வெற்றிமாறன் இதை ‘அசுரன்’ ஆக்கியபோது பஞ்சமி நிலம் வந்தது, வெண்மணியை நினைவூட்டும் குடிசை எரிப்பு வந்தது, கல்வியின் அருமையைத் தகப்பன் மகனுக்குச் சொல்லும் முடிவும் வந்தது. பஞ்சமி நிலம் என்ற சொல்லை அத்தனை பேரிடம் கொண்டுபோனது சின்ன விஷயமில்லை. என் சண்டை படத்தோடு இல்லை. படம் பார்த்துவிட்டு வந்து, ‘நாவல்ல அரசியல் தெளிவா இல்லையே’ என்று மார்க் குறைக்கிறார்களே, அவர்களோடுதான்.

வன்முறை ஒடுக்கப்பட்டவனை மீட்கும் என்றார் ஃபனான். சட்டத்தின் ஆட்சியை நம்புகிறவர் அதே பையனைக் குற்றவாளி என்பார். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானா என்று பார்க்கிற அய்யாவுக்கு இந்த இரண்டு பேரிடமும் ஒரு வரிகூட இல்லை. வெக்கையின் அரசியலே அந்த வரிதான்.

1899 சிவகாசிக் கலவரத்தையும் பாருங்கள். நாடார்களைப் பற்றி 1969இல் நூல் எழுதிய அரசியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் தரும் சித்திரம் தெளிவானது: வணிகத்தால் உயர்ந்த சமூகம், கோயில் நுழைவுச் சண்டை, பிறகு சங்கம், அரசியல். பூமணியின் ‘அஞ்ஞாடி’யும் (2012) அந்தக் கலவரத்துக்கு வருகிறது. ஆனால் தொடங்குவது ஆண்டி, மாரி என்ற இரண்டு பையன்களின் சிநேகத்தில். மாரி, ஊர்த்துணி வெளுக்கிற குடும்பத்துப் பிள்ளை. உயர்கிறவர், தடுக்கிறவர் என்று இரண்டாகக் கோடு போட்டால் அவனை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்?

இதைச் சாக்காக வைத்து ‘இலக்கியத்துக்கு எதுக்குய்யா அரசியல்’ என்று கிளம்புகிறவர்களுக்கும் நான் ஆளில்லை. எஸ்.ராமகிருஷ்ணன் பிறந்த மல்லாங்கிணறுதான் என் ஊர். கவிதை எழுதிக்கொண்டே நாடாளுமன்றம் போன தமிழச்சி தங்கபாண்டியனுக்கும் அதுதான் ஊர். இலக்கியம் ஒரு தெரு, அரசியல் ஒரு தெரு என்று இங்கே யாரும் பிரித்து வைக்கவில்லை.

எங்கள் பக்கம் பட்டாசு ஆலையில் விபத்து நடந்த சில நாளிலேயே அதே வேலைக்குத் திரும்பிப் போகிற பெண்கள் உண்டு. கோட்பாடு அதற்குப் ‘பொய்ப் பிரக்ஞை’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறது. சொல்லியாச்சு, கேஸ் முடிஞ்சது. ஆனால் வாங்கின அட்வான்ஸ், மகளோட காலேஜ் பீஸ், மழை பொய்த்த கரிசல், கூட வேலை பார்த்தவள் செத்த ரூமுக்குப் பக்கத்து ரூமில் உட்கார்ந்து திரி செருகும்போது அவள் மனசில் ஓடுவது, இதையெல்லாம் எழுத ஒரு நாவலாசிரியர் வேண்டும். அவர் மேசைக்கு எதிரே மார்க் லிஸ்டோடு நாம் போய் நின்றால், அவர் அவளைப் பலியாளாகவோ போராளியாகவோ எழுதிக் கொடுத்துவிடுவார். நம் கட்டத்தில் டிக் விழும். புத்தகத்தில் அவள் இருக்கமாட்டாள்.

மார்க்ஸ், அம்பேத்கர், பெரியார் எல்லோரையும் படித்துவிட்டே நாவலுக்கு வாருங்கள். அங்கே ஒரு ஆள் நீங்கள் படித்ததற்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றால், நாவலாசிரியரைத் திருத்தக் கிளம்பாதீர்கள். படித்ததைத் திருத்த வேண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.