மின்னேற்றத்தில் எதற்குத் தானியக்கம்?

மின்சார வாகனம் வந்து நின்றவுடன் இயந்திரக் கை ஒன்று நீண்டு தானே மின்னிணைப்பைப் பொருத்துகிறது. அல்லது தரையில் பதித்த கம்பிச்சுருளின் மேல் நிறுத்தினாலே மின்கலம் நிரம்புகிறது. தானியங்கி மின்னேற்றம் இன்று வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2023-இல் பொதுச்சாலையின் அடியிலேயே சுருள் பதித்துச் சோதனை தொடங்கப்பட்டது. நமக்கு இது தேவையா என்பதே கேள்வி.

திருச்சி - திண்டுக்கல் வழியிலுள்ள மணப்பாறையை எடுத்துக்கொள்வோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர் முறுக்கை இருசக்கர வாகனத்தில் கொண்டுசென்று விற்கும் ஒருவர், மின்சார வாகனத்துக்கு மாற விரும்புகிறார் என்று கொள்வோம். பிளக்கைச் செருக அவருக்கு அரை நிமிடம் போதும்; மின்கலம் நிரம்பவோ சில மணி நேரம் ஆகும். இயந்திரக் கை மிச்சப்படுத்துவது அந்த அரை நிமிடத்தை மட்டுமே. வாடகை வீட்டில் குடியிருந்து, வாகனத்தைத் தெருவில் நிறுத்துபவருக்குப் பிளக்கைச் செருக இடமே இல்லை என்பதுதான் உண்மையான தடை.

உழைப்பு அரிதாகவும் கூலி அதிகமாகவும் உள்ள இடத்தில் இயந்திரம் அதற்கு மாற்றாகும் என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. மேலைநாடுகளில் வாகன ஓட்டிகளே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளும் முறை பரவிய பின்னும், நம் ஊர்களில் ஊழியர்களே நிரப்புவதற்குக் காரணம் இதுதான். பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொது மின்னேற்ற நிலையங்களுக்கு மத்திய அரசு ஒதுக்கியிருப்பது ரூ.2,000 கோடி. இத்தகைய பொதுப்பணத்தை இயந்திரக் கைகளில் செலவிட்டால், சிற்றூர்களுக்கு வரவேண்டிய எளிய மின்னேற்றிகளின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையும்.

விதிவிலக்குகள் உண்டு. ஜெனீவாவில், நிறுத்தத்தில் பேருந்து நிற்கும் சுமார் 20 விநாடிகளில் கூரை வழியே தானாக மின்னேற்றும் முறை உள்ளது. அங்கு ஒவ்வொரு விநாடிக்கும் மதிப்புண்டு. ஒரே கருவி பல பேருந்துகளுக்குப் பயன்படுகிறது. கனத்த கேபிளைத் தூக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் இது வசதியன்று, தேவை.

பிறருக்கு வேண்டிய தானியக்கம் கைக்கு அன்று, நேரத்துக்கு. தமிழகத்தில் பகலில் பெருகும் சூரியமின்சாரம் மாலையில் மறைகிறது. வீடுகளின் மின்தேவை அப்போதுதான் உயர்கிறது. வேலை முடிந்து திரும்பும் அனைவரும் அந்நேரத்தில் வாகனங்களை மின்னேற்றினால் சுமை தெரு மின்மாற்றியின் மீது விழும். பகலில் குறைந்த கட்டணமும் உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணமும் விதிக்க, மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விதித் திருத்தம் வழிவகுத்துள்ளது. அந்த நேரக் கணக்கைப் பார்த்து மின்னேற்றத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் விலை மலிவான மென்பொருளே போதும்.

மணப்பாறை ரயில் நிலையத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுத் திருச்சிக்கு வேலைக்குச் செல்வோரின் வண்டிகள் பகல் முழுவதும் வெயிலில் நிற்கின்றன. அந்த நிறுத்துமிடத்துக்கு ஒரு சூரியமின் கூரையும் அதன்கீழ் வரிசையாகச் சாதாரண பிளக் இணைப்புகளும் அமைக்கலாம். சந்தை, பேருந்து நிலையம் ஆகியவற்றிலும் இதையே செய்யலாம். முறுக்கு வியாபாரிக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கும். பிளக்கை அவரே செருகிக்கொள்வார்.