நோன்பும் நீரிழிவும்: யார் சொன்னதைக் கேட்பது?



ரமளான் நெருங்கினாலே நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மருத்துவக் குறிப்புகள் வந்து குவியும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒன்று, "ஸஹரில் வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டால் போதும்; மயக்கம் வந்தாலும் நோன்பை விட வேண்டாம்" என்றது. எங்கள் அத்தா அதை நம்பினார்கள். அஸருக்குப் பின் உடல் வியர்த்து, நினைவிழந்து சாய்ந்தார்கள். அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டார்கள். அக்குறிப்பை எழுதியவர் யார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஒரு ஹதீஸைக் கேட்டால், அறிவித்தவர் யார், தொடர் அறுபடாமல் வருகிறதா, ஸஹீஹா, ளயீஃபா என்று வினவும் சமுதாயம் நாம். உடல்நலச் செய்தியில் மட்டும் அவ்வினாவை ஏன் மறக்கிறோம்?

ஆய்வுச் சான்றுகளைத் திரட்டி, அவற்றின் வலிமையை எடைபோட்டு எழுதப்படும் சிகிச்சை வழிகாட்டு நெறிமுறைகள் மருத்துவத் துறையில் உள்ளன. நீரிழிவாளர்களின் நோன்பு குறித்துச் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும், நீரிழிவு மற்றும் ரமளானுக்கான சர்வதேசக் கூட்டணியும் இணைந்து 2016-இல் அத்தகைய நெறிமுறையை வெளியிட்டு, 2021-இல் புதுப்பித்தன. இணையத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைச் சந்திக்குமாறு அது கூறுகிறது. நோயின் வகை, சிறுநீரகத்தின் நிலை, முன்பு சர்க்கரை தாழ்ந்த அனுபவம் முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, ஆபத்தைக் குறைவு, நடுத்தரம், மிகுதி என வகுக்கிறது. நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பை முறிக்கச் சொல்கிறது. விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதையும் தெளிவுபடுத்துகிறது.

எந்த நெறிமுறையாயினும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எழுதியவர்கள் யார்? எந்த ஆண்டில் எழுதப்பட்டது? ஒவ்வொரு பரிந்துரைக்கும் உரிய சான்று வலுவானதா, வெறும் நிபுணர் கருத்தா? பணம் கொடுத்தவர் யார், மருந்து நிறுவனத் தொடர்பு வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளதா? இவற்றுக்கு விடையில்லாத குறிப்பைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். விடையிருப்பினும், அது பொதுவான வழிகாட்டியே. உங்கள் மருந்தின் அளவை மாற்ற வேண்டியவர் உங்களை அறிந்த மருத்துவரே.

நோயாளிக்கு நோன்பைப் பிற நாட்களுக்குத் தள்ளிவைக்கும் சலுகையை அல்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்திலேயே வழங்கியுள்ளது. அச்சலுகையைப் பயன்படுத்துவது ஈமானின் குறைவன்று. என்றென்றும் நோற்க இயலாதவர் ஃபித்யா குறித்து ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் இச்சலுகையை ஏற்கத் தயங்குவார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், ஷஅபான் பிறக்கும் முன்பே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை. எங்கள் அத்தாவுக்கு அதை நாங்கள் செய்யத் தவறினோம், நீங்கள் தவறவேண்டாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை நல்குவானாக.