போட்டோ எடுப்பதற்கு முன்னால் பேர் கேளுங்கள்



இலங்கை போய் வந்த போட்டோவெல்லாம் எங்கே டீச்சர் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். போடுகிறேன். ஒரே ஒரு போட்டோவை மட்டும் போட மாட்டேன். அது ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளப் பதிவு. வகுப்பில் உட்கார்ந்திருந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் ஓய்வு பெற்ற டீச்சர்கள். மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. கண்டி பார்த்துவிட்டு நுவரெலியாவில் இரண்டு இரவு தங்கினோம். அதில் ஒரு முழு நாளை ஊர் சுற்றவும் சாப்பிடவும் என்றே ஒதுக்கி வைத்தோம்.

காலையில் ஒரு சின்ன சைவக் கடை. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். டீ சொன்னதும், கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார்கள். எங்களில் ஒருத்தர் "இலவசம் போல, என்ன மரியாதை பாருங்க" என்று சந்தோஷமாக நாலு எடுத்து வைத்துக்கொண்டார். அந்த நாட்டில் தட்டை அப்படியே வைத்துவிட்டு, சாப்பிட்டதை எண்ணிக் காசு வாங்குவார்கள் என்று பில் வந்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரத் தம்பியும் சேர்ந்து சிரித்தார்.

அப்புறம் 1894ல் கட்டிய செங்கல் தபால் ஆபீஸ், கிரகரி ஏரி. ஹக்கலை பூங்காவுக்கும் போனோம். 1861ல் சிங்கோனா மரம் வளர்த்துப் பார்க்க வெள்ளைக்காரர்கள் தொடங்கிய தோட்டம் அது. மலேரியாவுக்கான கொயினா மருந்து அந்த மரப்பட்டையில் இருந்துதான் வந்தது. பக்கத்திலேயே சீதா எலியாவில் சீதை அம்மன் கோவில். அசோகவனம் அதுதான் என்கிறார்கள். கோவிலை ஒட்டி ஓடை. குளிர் என்றால் நம்ம போடிமெட்டில் மார்கழிக் காலையில் அடிக்கிற குளிர். எல்லாம் நன்றாக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தினோம். ஒரு அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஐநூறு ரூபாயை நீட்டி, "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அந்த அம்மா சரி என்றார். நான் ஒரு படி மேலே போய், அவர் தலையில் கயிறு போட்டு முதுகில் தொங்கவிட்டிருந்த பையை வாங்கி என் தலையில் மாட்டிக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்: "பாரமா இருக்காம்மா?"

நல்ல தமிழ். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பையைக் கழற்றிக் கொடுத்தேன். "இந்தியாவுல எந்த ஊரு?" என்றார். தேனிப் பக்கம், தேவாரம் என்றேன். "எங்க தாத்தாவும் மதுரைப் பக்கம்னு சொல்லுவாங்க. ஊர்ப் பேரு எங்க யாருக்கும் தெரியாது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் வேலைக்கு அங்கே 'பேர்' என்று சொல்கிறார்கள். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது பாதிச் சம்பளம். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் என்பதை அந்த மக்கள் பல வருடம் போராடி 2021ல்தான் வாங்கினார்கள், அதுவும் இலங்கைக் காசில். அன்று ராத்திரி ஓட்டலில் கொத்து ரொட்டி, ஃபிரைட் ரைஸ் என்று நாங்கள் சாப்பிட்டதில் ஆளுக்கு அதைவிடக் கூடுதலாகவே பில் வந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிள்ளைகளே, இந்த வரலாற்றை நான் உங்களுக்குப் பாடமாக நடத்தியதில்லை, பாடப் புத்தகத்திலும் பெரிதாக இருந்ததில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் காலத்தில் முதலில் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் நம் பக்கத்து ஏழை சனங்களைக் கூட்டிப் போனார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1948ல் சுதந்திரம் கிடைத்த அதே வருடம் வந்த சட்டத்தால் இவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் போனது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த ஒன்றரை லட்சத்தை 1974ல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். உங்களுக்கு எந்த நாடு வேண்டும் என்று அந்தச் சனங்களைக் கேட்டுவிட்டுப் போட்ட ஒப்பந்தமில்லை அது.

அப்படி இந்தியாவுக்கு வந்த ஒரு குடும்பத்துப் பையன் என் வகுப்பில் இருந்தான். 1980களின் கடைசி. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் அவனை 'சிலோன்' என்று கூப்பிட்டார்கள். அவர்களைக் கண்டித்திருக்க வேண்டிய நானே, "சிலோன், போர்டைத் துடை" என்று கூப்பிட்டிருக்கிறேன். கேலியாக இல்லை, வாய்க்கு எளிதாக இருந்தது, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனான். அவன் பேரை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், இன்று வரை வரவில்லை. அந்த அம்மாவுக்குத் தாத்தாவின் ஊர்ப் பேர் தெரியாமல் போனதற்கு ஆயிரம் காரணம் உண்டு. எனக்கு என் மாணவன் பேர் தெரியாமல் போனதற்கு என்ன காரணம் சொல்ல?

அதோடு, அந்த அம்மாவிடமும் பேர் கேட்கவில்லை என்பது கொழும்பு திரும்பும்போதுதான் உறைத்தது. அதனால்தான் அந்தப் போட்டோவைப் போடவில்லை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். வெளிநாடு போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நல்லாப் போங்கள், நல்லாச் சாப்பிடுங்கள். பத்து இடத்தை ஓடி ஓடிப் பார்க்காமல், எங்களைப் போல ஒரு நாளாவது ஒரே ஊரில் சுற்றுங்கள். சின்னக் கடையில் உட்காருங்கள். ஆனால் வேலை செய்துகொண்டிருக்கிற மனுசரை மலை, அருவி மாதிரி நினைத்துக் கேமராவைத் தூக்காதீர்கள். முதலில் வணக்கம் சொல்லுங்கள், பேர் கேளுங்கள், உங்கள் பேரைச் சொல்லுங்கள். அப்புறம் போட்டோ எடுக்கத் தோன்றினால் எடுங்கள். பாதி நேரம் தோன்றாது.

இதற்கு நுவரெலியா வரை போக வேண்டியதில்லை. விடியும் முன்னே நம் ஊரிலும் போடியிலும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, ஏலக்காய் எடுக்கவும் களை எடுக்கவும் மலைக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். தூக்குவாளியோடு போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். அவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். அந்த மலைக்கு ஜீப் பிடித்துச் சுற்றுலா போகும் நம் பிள்ளைகள், அவர்கள் காய் எடுப்பதை வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டுப் போடுகிறார்கள். நம் ஆட்களை நாமே வேடிக்கை பார்ப்பதா?

கடைசியாக ஒன்று. அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பையன் பேரும் அவன் இருக்கிற ஊரும் தெரிந்தால், இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவனே படிக்க நேர்ந்தால்: தம்பி, டீச்சர் செய்தது தப்பு. ஒரு தடவை போன் பண்ணு. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

எல்லாரும் நல்லா இருங்கள்.

உங்கள் டீச்சர்
தேவாரம்